பல்லை எடுக்கும் அன்றைக்கே எலும்பைப் பற்றியும் கேளுங்க

"கடவாப்பல்லுதானுங்க, வெளிய தெரியாது, அப்படியே விட்டுரலாம்." ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் பல் பிடுங்கிய யாரிடம் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். வலி நின்றால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறோம். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. பல் போன இடத்தில் அதைத் தாங்கிய தாடை எலும்பும் கரைய ஆரம்பிக்கிறது. பல்லை எடுக்கும் அன்றைக்கே அதை விளக்கிச் சொல்கிறவர்கள் குறைவு.

பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. நாம் மெல்லும்போதெல்லாம் அது வழியாகத்தான் எலும்புக்கு அழுத்தமும் இழுப்பும் போகிறது. அந்த வேலை நடக்கிறவரைக்கும் உடம்பு அந்த எலும்பைப் பராமரிக்கும், நின்றுபோனால் கரைத்துவிடும். மாவுக்கட்டு பிரித்த கை இளைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கடவாப்பல் எடுத்த இடத்தில் எலும்பின் அகலம் முதல் 12 மாதத்துக்குள் ஏறக்குறைய பாதி குறைந்துவிடக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே போய்விடுகிறது. அதனால்தான் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பதைக்கிறது.

காங்கேயம் பக்கம் இருக்கிற என் பெரியம்மாவுக்குப் பல் செட்டு கட்டிப் பல வருஷம் ஆகிறது. "அளவு தப்பா எடுத்துப்போட்டாங்க கண்ணு, கீழ்செட்டு நிக்கவே மாட்டேங்குது" என்பார். செட்டின் அளவு மாறவில்லை, அடியில் இருக்கும் தாடைதான் சுருங்கிக்கொண்டே போகிறது. கழற்றி மாட்டும் செட்டு ஈறின் மேல் உட்கார்ந்து அழுத்துகிறதே தவிர, வேர் செய்துவந்த வேலையை அது செய்வதில்லை. பல் எல்லாம் போனவர்களுக்குக் கீழ்த்தாடை, மேல்தாடையைப் போல ஏறக்குறைய 4 மடங்கு கரைகிறது. கீழ்செட்டு முதலில் ஆடுவது அதனால்தான். ரொம்பக் கரைந்துபோனால் நரம்பின் மேலேயே செட்டு அழுத்தி வலிக்கும். உதடு உள்வாங்கி, மூக்கும் முகவாயும் நெருங்கி, அறுபது வயதுக்காரர் எண்பது போலத் தெரிவார். விசேஷ வீட்டுக் கறி விருந்தில் பெரியம்மா குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். கடலை, முறுக்கு எல்லாம் நின்றுபோய், சந்தகையும் களியுமாகவே ஓடுகிறது. வயதான காலத்தில்தான் உடம்புக்குப் புரதம் வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கறியும் கடலையும் இலையை விட்டுப் போவதை வயசுக்கோளாறு என்று நாம் கடந்து போகிறோம்.

பக்கத்துப் பற்களைச் செதுக்கி மேலே கட்டும் பிரிட்ஜும் மெல்லுவதற்கு உதவும். ஆனால் நடுவில் வேர் இல்லாத இடத்தில் எலும்பு கரைவதை அது நிறுத்தாது. இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கை வேர், வேறு விதம். 1952இல் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர், முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அது எலும்போடு ஒட்டிப்போயிருந்தது. 1965இல் முதல் நோயாளிக்கு அவர் டைட்டானியம் வேர் வைத்தார். எலும்பு நேராக அந்தத் திருகைப் பிடித்துக்கொள்வதால், மெல்லும் விசை மறுபடியும் உள்ளே இறங்குகிறது. சுற்றியுள்ள எலும்புக்கு மறுபடி வேலை கிடைக்கிறது. இன்று பல்லுக்கு மாற்றாகக் கட்டுபவற்றில் எலும்பை இந்த அளவுக்குக் காப்பது இதுதான்.

செலவு? ஒரு பல்லுக்கே பல ஆயிரம் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பல்லும் போனவர்கள் வரிசையாக எல்லாப் பல்லுக்கும் வைக்க வேண்டும் என்பதில்லை. கீழ்த்தாடையில் 2 இம்பிளாண்ட் வைத்து அதன் மேல் செட்டைப் பொருத்திக்கொள்ளலாம். கீழ்ப்பல் முழுக்க இல்லாதவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களே சொல்லிவிட்டார்கள். அப்புறம் கோவை, சேலம், திருச்செங்கோடு, குமாரபாளையம் என்று நம்மைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கிளினிக்கில் பணம் கட்டும் முன் அங்கேயும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

"ஒரே நாளில் புதுப்பல்" என்று பேனர் வைக்கிறார்களே, அதை நம்பி ஓட வேண்டாம். சிலருக்கு அன்றைக்கே பல் பொருத்த முடியும், உண்மைதான். ஆனால் எலும்பு முழுசாகப் பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். பல்லை எடுத்த கையோடு இம்பிளாண்ட் வைத்தாலும் பல்குழியின் ஓரம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஏற்கெனவே ரொம்பக் கரைந்துபோனவர்களில் சிலருக்கு எலும்புத்தூள் வைத்து நிரப்ப வேண்டிவரும். வைத்த பிறகும் துலக்காமல் விட்டால் சுற்றிச் சீழ் பிடித்து, காப்பாற்ற வந்த எலும்பே போய்விடும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தோல்வி வாய்ப்பு அதிகம்.

பல்லை எடுக்கப் போகும்போதே டாக்டரிடம் கேளுங்க: "இந்தப் பல்லைக் காப்பாற்றவே முடியாதுங்களா? எடுத்தால் எலும்புக்கு என்ன செய்யலாம்? ஸ்கேன் வேணுங்களா?" முதல் கேள்விக்கு முடியும் என்று பதில் வந்தால் வேர் சிகிச்சைதான் நல்லது, சொந்த வேருக்கு ஈடு கிடையாது. போகும்போது மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு மெலிந்து பலம் குறைந்ததற்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அதைப் பல்லில் கை வைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளால் பல் எடுத்த இடத்து எலும்பு ஆறாமலே போகும் ஆபத்து உண்டு.