மூலிகை பெட்ரோல் இல்லை, அண்ணா

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வீடியோவை இன்னும் எத்தனை குரூப்பில் சுற்றவிடப் போகிறீர்களோ தெரியவில்லை. மிஞ்சுகிற கரண்டையும் புகையில் போகிற கார்பன் டை ஆக்சைடையும் வைத்து மெத்தனால் என்கிற திரவ எரிபொருள் செய்யலாம் என்று நான் பேசியது ஏறக்குறைய அரை மணி நேரம். சுற்றுவது என்னவோ முன்வரிசை அண்ணன் "டீச்சரம்மா, அப்போ இது மூலிகை பெட்ரோல்தானே?" என்று கேட்பதும், எல்லோரும் சிரிப்பதும், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் மட்டும்தான். அதற்கு நான் சொன்ன பதிலை வெட்டிவிட்டார்கள். சரி, வெட்டியதை இங்கே எழுதுகிறேன். இதை யாரும் வெட்ட முடியாது.

மூலிகை பெட்ரோல் கூத்து நடந்தது 1996இல். தழையைப் போட்டுக் கொதிக்கவைத்தால் பெட்ரோல் வரும் என்றார்கள். சக்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் கிடையாது. 2016இல் நீதிமன்றம் அதை மோசடி என்று சொல்லித் தண்டனையே கொடுத்துவிட்டது. நான் பேசியதில் முதல் வரியே அந்தக் கேள்விக்கான பதில்தான்: கரண்ட். காற்றாலையிலும் சோலாரிலும் வந்து, அந்த நேரத்தில் வாங்க ஆளில்லாமல் போகிற கரண்ட். அதை வைத்துத் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன். அதோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து, அழுத்தம் கொடுத்து, இருநூறு டிகிரிக்கு மேல் சூட்டில் தாமிர வினையூக்கியின் வழியாக விட்டால் மெத்தனால். உள்ளே போகிற சக்தியைவிட வெளியே வருகிற சக்தி குறைவு. இதையும் நானே சொன்னேன். ஆனால் டேங்கில் ஊற்றி வைக்கலாம், ஆறு மாதம் கழித்து எடுத்து எரிக்கலாம். கரண்டைத் திரவமாக்கிச் சேர்த்து வைக்கிறோம். புது எரிபொருள் கண்டுபிடித்ததாக நான் எங்கேயும் சொல்லவில்லை.

"எங்கள் தெருவில் நேற்று ராத்திரி கரண்ட் இல்லை, உங்களுக்கு மிச்சம் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, ராத்திரி இல்லாததும் ஆடி மாதத்து மத்தியானம் மிஞ்சுவதும் ஒரே ஊரில் நடக்கும். அதுதான் பிரச்சினையே. ஆடிக்காற்றில் முப்பந்தலிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலை சுற்றோ சுற்றென்று சுற்றும், மேலே வெயிலும் அடிக்கும். வாங்க முடியாமல், உற்பத்தியைக் குறை என்று உத்தரவு போகும். சோலார்காரர்கள் இதற்காக வழக்கே போட்டு, மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் அவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மிஞ்சாத கரண்டுக்கா இழப்பீடு கொடுப்பார்கள்? 2012 மின்வெட்டை நானும் பார்த்தவள்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் நின்ற கையோடு வியர்க்க ஆரம்பிக்கும். கரண்டின் அருமை எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அதை வீணாக்காதீர்கள் என்கிறேன்.

"மேட்டூரில் கரியை எரித்துக்கொண்டே மிச்சக் கரண்ட் பேசலாமா, முதலில் அதை நிறுத்து" என்று இன்னொரு தோழர். கேட்க நன்றாக இருக்கிறது. காற்று வரும்போது கரியைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் நிலக்கரி அலகை ஃபேன் சுவிட்ச் மாதிரி போட்டு அணைக்க முடியாது. ஓரளவுக்குக் கீழே இறக்கினால் கொதிகலன் தாங்காது. மேட்டூர் அனல் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். முழுமூச்சில் ஓடினால் மணிக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியாகப் போகிறது. அதைப் பிடித்து மெத்தனாலாக்கலாம் என்பதுதான் என் பேச்சு.

கரியை விடுங்கள், எங்கள் சேலத்து வெள்ளைக்கல்லுக்கு என்ன சொல்கிறீர்கள்? என் அப்பா மேக்னசைட் சூளையில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வரும்போது புருவம், காது மடல், சட்டைப் பை எல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். அந்தக் கல் மெக்னீசியம் கார்பனேட். 84 கிலோ கல்லைச் சுட்டால் 40 கிலோ மெக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும், மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். பாதிக்கு மேல். அடுப்பைக் கரியில் மூட்டினாலும் சோலாரில் மூட்டினாலும் கல்லுக்குள் இருக்கிற கார்பன் வெளியே வந்துதான் தீரும். சிமென்ட் சூளையில் சுண்ணாம்புக்கல்லுக்கும் இதே கதைதான். இதை எந்தச் சோலார் பலகையை வைத்து நிறுத்துவீர்கள்? பிடித்து எதற்காவது பயன்படுத்தலாமே என்றால் சிரிப்பு வருகிறது உங்களுக்கு.

மெத்தனாலை எரித்தால் அந்தக் கார்பன் மறுபடி காற்றுக்குத்தானே போகும் என்பீர்கள். போகும்தான். ஆனால் அந்தத் தடவை தோண்டி எடுக்க வேண்டிய டீசல் மண்ணுக்குள்ளேயே கிடக்கும் அல்லவா?

அப்புறம், அந்தக் கரண்டை நேராகப் பேட்டரியில் ஏற்றலாமே என்கிற மின்சார வண்டிக்காரர்கள். இவர்கள் கோபம்தான் எனக்குப் புரியவில்லை. பத்து யூனிட் கரண்டில் ஒரு கிலோ மெத்தனால் கிடைக்கும், அதில் இருக்கிற சக்தி ஐந்தரை யூனிட். அதைக் கார் இன்ஜினில் ஊற்றினால் பத்துக் கிலோமீட்டர் போனால் பெரிது. அதே பத்து யூனிட்டைப் பேட்டரியில் ஏற்றினால் அறுபது கிலோமீட்டர் ஓடும். கணக்கு எனக்கும் வரும். காருக்கு ஊற்றுங்கள் என்று நான் எப்போது சொன்னேன்? கப்பலுக்குச் சொன்னேன். மெத்தனாலை விமான எரிபொருளாக மாற்றி விமானத்துக்குச் சொன்னேன். 2023லேயே மேர்ஸ்க் கம்பெனி மெத்தனாலில் ஓடும் கன்டெய்னர் கப்பலைக் கடலில் இறக்கிவிட்டது. உங்களுக்குப் பேட்டரி போதும் என்றால், நம் காமலாபுரம் ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறதே அந்தச் சின்ன விமானம், அதைச் சென்னை வரைக்கும் பேட்டரியில் ஓட்டிக் காட்டுங்கள், முதல் டிக்கெட் நான் எடுக்கிறேன்.

விலை அதிகம் என்கிறார்கள். ஆமாம், அதிகம். சோலாரையும் ஆரம்பத்தில் இப்படித்தான் சொன்னார்கள். மிச்சம் வருகிற நேரத்துக்கு மட்டும் மெஷினை ஓட்டினால் கடனுக்கு வட்டிகூடக் கட்ட முடியாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. அதற்குத் தனியாக ஒரு பதிவு போடுகிறேன், இன்றைக்கு மனசு சரியில்லை.

உலகத்தில் யாரும் செய்யாததையா சொன்னேன்? ஐஸ்லாந்தில் புவிவெப்ப மின்நிலையத்து வாயுவைப் பிடித்து 2012 வாக்கிலேயே மெத்தனால் எடுத்தார்கள். அதுகூட வெளிநாடு, குளிர் தேசம் என்பீர்கள். மத்தியப் பிரதேசம் விந்தியாச்சலில் அரசு மின் நிறுவனமான என்டிபிசி தன் அனல் நிலையத்துப் புகையிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, மின்னாற்பகுப்பில் எடுத்த ஹைட்ரஜனோடு சேர்த்து, 2024 நவம்பரில் மெத்தனால் எடுத்துக் காட்டியது. நாளுக்குப் பத்து டன் ஆலை. சின்னதுதான். ஆனால் அங்கே முன்வரிசையில் யாரும் எழுந்து மூலிகை பெட்ரோலா என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஏனென்றால் அங்கே மைக்கைப் பிடித்தவர்கள் கோட் போட்ட பெரிய அதிகாரிகள். இங்கே அரசுப் பள்ளிக் கெமிஸ்ட்ரி டீச்சர், அதுவும் பொம்பளை.

இதைச் சொன்னால் "எல்லாவற்றிலும் ஆண் பெண் கொண்டுவராதீர்கள்" என்று கமெண்ட் வரும். வரட்டும். எனக்கு முன்னால் பேசியவர் ஏரியில் வாட்டர் மீட்டர் வைத்தால் மழை அதிகரிக்கும் என்கிற ரீதியில் ஏதோ சொன்னார், அவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள்.

இந்த ஊருக்கு இதுதானே வழக்கம். ஏற்காட்டு மலையில் பாக்சைட் வெட்டினார்கள். கீழே வெள்ளைக்கல் வெட்டினார்கள். வெட்டுவது இங்கே, தூசி இங்கே, பள்ளம் இங்கே. படித்தவன் வேலைக்கு ஓசூர் பஸ் ஏற வேண்டும். என்னிடம் பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி கூட்டத்துக்கு வந்திருந்தாள். வகுப்பில் பென்சில் கரியை மின்வாயாக வைத்துத் தண்ணீரைப் பிரித்தபோது, குமிழியில் தீக்குச்சியைக் காட்டி 'டப்' என்று வெடித்ததும் முதலில் கை தட்டியவள் அவள்தான். "மிஸ், மேட்டூரில் இது வந்தால் கெமிஸ்ட்ரி படித்தவர்களை எடுப்பார்களா?" என்று கேட்கத்தான் கையில் எழுதிக்கொண்டு வந்தாளாம். நீங்கள் சிரித்த சிரிப்பில் கேட்காமலே போய்விட்டாள். திங்கட்கிழமை வராண்டாவில் வைத்து என்னிடம் கேட்டாள். எடுப்பார்கள் என்று சொன்னேன்.

இதற்கு நடுவில் அமைப்பாளர் தம்பி நேற்று போன் செய்தார். நடந்தது வருத்தமாம். அடுத்த மாதமும் நான் பேச வேண்டுமாம், தலைப்பைக்கூட அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்: 'சமையலறையில் வேதியியல்'. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மெத்தனால் என்றால் வருகிறேன், ஆனால் அரை மணி நேரம் பத்தாது.