ஆறு மணிக்கு மேல் வரலாமா?

வடசென்னைக்கு சினிமா நல்ல முகவரி கொடுத்துவிட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் ஒத்துக்கொள்வேன். நான் வடசென்னையின் தண்டையார்பேட்டை, காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு.

வகுப்பில் ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் பற்றிய பாடம் நடந்தது. நிறைய டிவி பார்ப்பவர்களுக்கு உலகம் இருப்பதைவிட ஆபத்தானதாகத் தெரியும் என்றவர். அன்று மதியமே கூடப் படிக்கிற ஒருத்தி கேட்டாள்: "உங்க ஏரியாவுக்கு ஆறு மணிக்கு மேல வரலாமா?" பேசின் பிரிட்ஜ் தாண்டி அவள் வந்ததே இல்லை! ஆறு மணிக்கு எங்கள் தெருவில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் கூட்டம் நிற்கும். பக்கத்தில் பையன்கள் கேரம் போர்டில் பவுடர் தூவிக்கொண்டிருப்பார்கள்.

2018இல் வந்த 'வடசென்னை' படத்தின் நாயகனும் கேரம் ஆடுகிறவன்தான். ஆனால் பார்த்தவர்கள் மனதில் தங்கியது கத்தி. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா எங்கள் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தச் செய்தி டிவியில் வந்தது, போனது. சரி, அதுவாவது வந்ததே.

இவ்வளவு பேசுகிறேனே, போன செமஸ்டரில் குறும்படம் எடுக்கச் சொன்னபோது நான் எழுதிய முதல் காட்சி என்ன தெரியுமா? காசிமேட்டில் விடியற்காலை, ஒரு கொலை.