பள்ளித் தோட்டம் சாவது மே மாதத்தில்

நம் அரசுப் பள்ளிகளில் தோட்டம் புதிய விஷயம் இல்லை. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், சீமைக்கருவேலத்துக்கும் பார்த்தீனியத்துக்கும் நடுவில் பழைய பாத்தியின் வரப்பு தெரியும். ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லாததால் கெட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஏப்ரலில் பள்ளியைப் பூட்டுகிறார்கள், மே வெயிலில் தண்ணீர் விட ஆளில்லை, ஜூனில் வரும் பிள்ளைகள் காய்ந்த குச்சியைப் பார்க்கிறார்கள். இரண்டு வருடம் இப்படிப் போனால் யாருக்கும் மனசு விட்டுப்போகும்.

அதனால் பயிரைப் பள்ளி நாட்காட்டிக்குப் பொருத்துங்கள். ஜூனில் காய்கறி வேண்டாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பெரியவர்கள் கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். அது தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும், பிள்ளைகளை விடவே கூடாது. பிறகு பசுந்தாள் உரப் பயிரான சணப்பை விதையுங்கள், சென்ட்டுக்குக் கால் கிலோ விதை. 40–45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மண்ணோடு மடக்கி, இரண்டு வாரம் மட்கவிட்டால் ஆடிக் கடைசியில் நிலம் தயார். கீரையை மார்ச்சோடு நிறுத்திவிட்டுப் பாத்திகளைச் சருகால் மூடிவிடுங்கள். கோடையைத் தாங்க ஓரத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் போதும்.

பள்ளி மண்ணில் கட்டட இடிபாடு கலந்திருக்கும். சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பயிருக்கு இரும்புச்சத்து எட்டவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த இடத்தில் இடிபாட்டைப் பொறுக்கி எடுத்து, தொழுவுரம் போட்டு மேட்டுப்பாத்தி அமையுங்கள். அகலம் ஒரு மீட்டர், நீளம் மூன்று மீட்டர். அதற்கு மேல் அகலமானால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கை நடுவுக்கு எட்டாது, பாத்தியை மிதிப்பார்கள்.

எனக்குப் பிடித்த பாடம் கீரைக் கணக்குதான். மதிய உணவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 50 கிராம் காய்கறி என்பது அரசு அளவு. 200 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 10 கிலோ. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ சிறுகீரை என்று வைத்துக்கொண்டால் ஒரு பாத்தியில் 3 கிலோ. ஆக, வாரம் ஒரு நாள் கீரை போட நான்கு பாத்தி. விதைத்து அறுக்க 25 நாள் ஆகும் என்பதால், வாரம் நான்கு பாத்தியாக விதைத்து வந்தால் மொத்தம் 16 பாத்தி சுழற்சியில் இருக்க வேண்டும். இதைப் பிள்ளைகளே போடட்டும். அறுத்ததைத் தராசில் வைத்துக் கரும்பலகையில் எழுதட்டும், கணக்கு எங்கே தவறியது என்று அவர்களே தேடட்டும். பள்ளிக்கே தினமும் காய் கொடுப்போம் என்று தொடக்க விழாவில் வாக்குக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சனி, ஞாயிறு நாற்றுகளைக் கொல்லும். கத்தரி, மிளகாய்க்கு நடுவே ஐந்து லிட்டர் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, வெள்ளிக்கிழமை மாலை நிரப்பி மூடுங்கள். தண்ணீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். அரிசி, காய் கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரில் உப்பு அதிகம், அது பாத்திக்கு வேண்டாம்.

இன்னொன்று: தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனைக் களை பிடுங்க அனுப்பினால் வகுப்பு முழுக்கக் களையெடுப்பதைக் கேவலமாக நினைக்கும்.

முளைக்காத பாத்தியையும் அவசரப்பட்டுச் சரிசெய்து விடாதீர்கள். கீரை விதையை எறும்பு இழுத்துப் போயிருக்கலாம், ஆழமாகப் புதைந்திருக்கலாம், விதையே பழசாக இருக்கலாம். மீதி விதையில் இருபதை ஈரத்துணியில் முடிந்து வகுப்பறை ஜன்னலில் வையுங்கள். நான்காம் நாள் பிரித்தால் பதினெட்டு முளைத்திருக்கிறதா, மூன்றா என்று தெரிந்துவிடும். பதினெட்டு என்றால் பிள்ளைகள் பாத்தி ஓரம் குனிந்து எறும்புத் தடத்தைத் தேடட்டும். அடுத்த முறை விதைக்கும்போது சுற்றிலும் ஒரு பிடி அரிசிக் குருணை தூவினால், எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.