கிரே கவுண்டியின் தலைவர்களும் பிரைஸ்வில் கல்லறைகளும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள கிரே கவுண்டி (மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி), ரொறன்ரோவுக்கு வடமேற்கே வயலும் மாட்டுப் பண்ணையுமாகப் பரந்து கிடக்கும் நாட்டுப்புறம். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய நெல்லி மக்ளங் 1873-இல் இங்குள்ள சாட்ஸ்வொர்த் அருகே பிறந்தார். கனடாவின் பிரதமராக இருந்த டீஃபன்பேக்கர் 1895-இல் இங்குள்ள நோய்ஸ்டாட்டில் பிறந்தார். இருவருமே சிறுவயதில் மேற்கே போய்விட்டவர்கள். அதனால் அவர்களை இந்த மண்தான் வளர்த்தது என்று நான் சொல்லமாட்டேன்.

அக்னஸ் மக்ஃபெயில் அப்படி இல்லை. 1890-இல் புரோட்டன் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கிராமத்துப் பள்ளிகளில் படிப்பித்தவர். சிலோன் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர் (ஆமாம், அந்தப் பெயரில் இங்கேயும் ஓர் ஊர் உண்டு). 1921 தேர்தலில் இந்த விவசாயிகளே அவரை ஒட்டாவாவுக்கு அனுப்பினார்கள். கனடிய நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். கைதிகள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விடாமல் பேசினார். சிறைகளை ஆராய 1936-இல் அமைந்த ஆர்ஷாம்போ ஆணையத்துக்கு அந்தக் குரல் ஒரு முக்கிய காரணம். கைதிகளுக்காகப் பேசினால் வாக்கு விழாது என்பது அன்றும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் பேசினார். எனக்கு அவர்மீது இவ்வளவு மதிப்பு வரக் காரணம் அதுதான்.

ஆனால் அதே 1930-களில், அவருடைய தொகுதியிலேயே பிரைஸ்வில் அருகே வேறொன்று நடந்தது. பழைய டர்ஹம் சாலையோரம் இருந்த கறுப்பின மக்களின் இடுகாட்டை ஒரு விவசாயி உழுது உருளைக்கிழங்கு நட்டார். அங்கே புதைக்கப்பட்டவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காடு வெட்டி அந்தப் பகுதியை முதன்முதலில் குடியிருப்பாக்கியவர்களில் சிலர். அவர்களுடைய பெயர் பொறித்த கற்கள் பிடுங்கி எறியப்பட்டன. அதற்குப் பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகள் ஊர் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை.

மக்ஃபெயிலைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. 1954-இல் இறந்த அவரும் பிரைஸ்வில் பக்கம்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சில மைல்களுக்குள் இருக்கும் இரண்டு இடுகாடுகளில் ஒன்றை மட்டும் பாடத்திலும் சுற்றுலாக் கையேட்டிலும் போட்டால் அது பாதி வரலாறு. ‘பழையதை ஏன் கிளற வேண்டும்’ என்பவர்கள் 1921-ஐ மட்டும் ஏன் கொண்டாடுகிறார்கள்? அதுவும் பழையதுதானே.

நல்லவேளை, ஊர்க்காரர்கள் சிலரும் அந்தக் குடியேறிகளின் வழிவந்தவர்களும் சேர்ந்து 1980-களின் கடைசியில் இடத்தை மீட்டார்கள். சில கற்களும் கிடைத்தன. 1990-இல் நினைவிடத்தைத் திறந்துவைத்தவர் அப்போதைய ஒன்ராறியோ துணைநிலை ஆளுநர் லிங்கன் அலெக்சாண்டர். கனடிய நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரும் அவரே. கிரே கவுண்டியில் பிறக்காதவர்தான். ஆனாலும் அந்த ஊர் தன் அரசியல் தலைவர்களைப் பட்டியல் போடும்போது அவர் பெயரும் அந்த நாளும் அதில் வர வேண்டும் என்பேன். பத்தாம் நெடுஞ்சாலையில் ஓவன் சவுண்ட் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் விலகி இரண்டு இடுகாடுகளையும் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.