பெயருக்காகவா செய்தார்?

இதை எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். சபை விஷயத்தை முகநூலுக்குக் கொண்டு போகாதீங்க என்று வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

நடந்தது நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். நம் சபை ஹால் பிரதிஷ்டை, கல்வெட்டு, அதில் பத்தொன்பது பெயர், அங்கே இல்லாத ஒரு பெயர்: கோயில் மணி அடிக்கிற பெரியவருடையது. அவர் மகள் குழுவில் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். வந்த பதில்: "அப்பா பெயருக்காகவா ஊழியம் செய்தார்?" அதற்குக் கீழே வரிசையாக ஆமென்.

ஆமெனாம்!

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கேள்வியை அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தரிடமாவது கேட்டோமா? கல்லில் இனிஷியலோடு, பட்டத்தோடு பெயர் வெட்டியிருக்கிறதே, அவர்களிடம் "ஐயா, பெயருக்காகவா செய்தீங்க?" என்று யாராவது கேட்டோமா? மாட்டோம். தாழ்மைப் பிரசங்கம் எப்போதும் கடைசி பெஞ்சுக்குத்தான்.

முப்பத்தொரு வருஷம் மணி அடித்தவர் அந்தப் பெரியவர். கோயில் சாவி அவர் இடுப்பில்தான். 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது நம் ரப்பர், வாழை எல்லாம் சரிந்து கிடந்ததே, கரண்ட் நாள்கணக்கில் இல்லையே, அந்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி வந்து கோயிலைத் திறந்து, தண்ணீரைத் துடைத்து, நேரத்துக்கு மணி அடித்தார். ஆராதனைக்கு வந்தது ஒன்பது பேர். அதில் நானும் ஒருத்தன் என்பதால் சொல்கிறேன்.

துணை நிற்பது சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் திரித்துவிட வேண்டாம். என் அப்பா உபதேசியார். நான்கு ஆயர்மாருக்குக் கீழே வேலை பார்த்தார். ஆயர் வராத கிராமத்துக்கு சைக்கிளில் போவார், நோயாளிக்கு ஜெபிப்பார், சண்டை தீர்ப்பார், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தொண்டை கட்டக் கூவி ஒரு நேந்திரன் குலையைக் குலை விலைக்கு மேல் பத்து மடங்குக்கு விற்றுக் கொடுப்பார். மேடையில் ஏற மாட்டார். ஒரு ஆயர் மட்டும், வயதில் ரொம்பச் சின்னவர், வருஷ அறிக்கை வாசிக்கிற அன்று தாளை அப்பா கையில் கொடுத்து, "இதெல்லாம் செய்தது நீங்க, நீங்களே வாசிங்க" என்றார். அப்பாவுக்குக் குரல் நடுங்கிவிட்டது. அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டு வேதாகமத்துக்குள் இருக்கிறது. அப்போ அப்பா பெயருக்காகவா செய்தார்? சொல்லுங்கள்.

உடனே ஒருத்தர் வசனத்தோடு வருவார்: வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது. சரி அண்ணாச்சி. அது கொடுக்கிற கைக்குச் சொன்னது. வாங்கிக்கொண்டவன் மறந்துபோகலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? ரோமர் 16-ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் பெபேயாளில் தொடங்கி வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே போகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியுகூட நடுவில் தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறான். பவுல் அதை அடிக்கச் சொல்லவில்லை. நாமாக இருந்தால் 'எழுத்தர் பெயர் எதற்கு' என்று கமிட்டி கூட்டியிருப்போம்.

"கல்லில் இடம் இல்லை, எல்லார் பெயரும் போட முடியுமா" என்று இன்னொருத்தர். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. எல்லார் பெயரும் முடியாதுதான். இதற்கு மேல் இதைப் பற்றி எனக்குப் பேச விருப்பமில்லை, ஏனென்றால் ஹாலுக்குள் ஒரு நாளும் கால் வைக்காத இரண்டு பேருக்கு அதில் இடம் இருந்தது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துச் சபை வரலாறே இதுதானே. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் வந்தார், மயிலாடியில் கோயில் கட்டினார் என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்தோம். அவரை வரவைத்தது யார்? மயிலாடிக்காரர் மகாராசன் வேதமாணிக்கம். 1816-ல் ரிங்கல்தௌபே போனபிறகு, அடுத்த மிஷனரி மீட் ஐயர் 1818-ல் வந்து பொறுப்பெடுக்கும் வரை சபைகளைச் சிதறாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். இரண்டாம் இடத்தில் நின்றவர் அன்றைக்குக் கையை விட்டிருந்தால் இன்றைக்கு எந்த ஹாலில் எந்தக் கல்? விழாவில் வேதமாணிக்கத்தைப் புகழத் தெரிகிறது. நம்ம தெருவில் சாவியோடு நடக்கிறவரைத் தெரியவில்லை.

"இப்படி எழுதினால் சபைக்குத்தானே கெட்ட பெயர்" என்று போன் வரும். வரட்டும். பார்த்தீர்களா, சபைக்குப் பெயர் வேண்டுமாம்!

இவ்வளவு பேசுகிறவன் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கல்லில் ஏழாவது பெயர் என்னுடையது. பொருளாளர் என்று போட்டிருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பட்டியலைத் திருத்திக் கொடுத்ததும் நான்தான். எழுத்துப் பிழை பார்த்தேன். ஒருத்தர் பட்டத்தை விட்டிருந்தார்கள், சேர்த்தேன். இவர் பெயர் இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. ஆக, கோபம் யார்மேல் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கருப்பட்டிக் காப்பி தந்தார். கல்லைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மணிக் கயிறு நைந்திருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாற்றணும், கமிட்டியில சொல்லு மக்கா என்றார்.

கயிறு இந்த வாரமே வந்துவிடும். கல்லைக் கழற்ற முடியாது, சுவர்ப் பூச்சு உடையும் என்கிறார்கள். கழற்ற வேண்டாம். பத்தொன்பதாவது பெயருக்குக் கீழே மூன்று விரற்கடை இடம் காலியாக இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.