ஆல்டர்மேன் வீடு

என் பாட்டி மண்ணடியில் பிறந்து வளர்ந்தவர். பழைய கதை எதைச் சொன்னாலும் வழியில் ஒரு வீடு வரும். "ஆல்டர்மேன் வீட்டுக்கு எதிர்ச் சந்து", "ஆல்டர்மேன் வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தோம்" என்பார். சின்ன வயதில் ஆல்டர்மேன் என்பது அங்கே குடியிருந்த ஒரு வெள்ளைக்காரரின் பெயர் என்றே நான் நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போகும் வயதில் ஒருநாள் கேட்டேன்.

"பேரு இல்ல கண்ணு, பதவி. கார்ப்பரேஷன்ல பெரிய மனுஷன்."

"கவுன்சிலரா?"

"கவுன்சிலருக்கும் மேல."

"நம்ம வீட்டுல ஓட்டுப் போட்டாங்களா அவருக்கு?"

"அவருக்கு யாரு ஓட்டுப் போட்டா? கவுன்சிலருங்க எல்லாம் சேர்ந்து அவரை உள்ள வெச்சாங்க."

அந்தப் பதில் அப்போது எனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. 2023 ஜனவரியில் டெல்லி மாநகராட்சிக் கூட்டம் தொலைக்காட்சியில் கைகலப்பாக ஓடியபோது அதே சொல் மறுபடி காதில் விழுந்தது. ஆல்டர்மேன்களுக்கு முதலில் பதவிப் பிரமாணம் செய்து வைக்கலாமா, மேயர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு உண்டா என்று சண்டை. பாட்டி அப்போது உயிரோடு இல்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். மனதில் சேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் வேர் மிக எளிமையானது. பழைய ஆங்கிலத்தில் 'எயால்டொர்' என்றால் மூத்தவர், தலைவர். அதோடு 'மனிதன்' சேர்ந்தது. நம் ஊர்ச் சொல் ஒன்று இதற்கு அச்சாகப் பொருந்தும்: மூப்பன். மலைவாழ் மக்கள் சிலரிடம் ஊர்த் தலைவருக்கு இன்றும் மூப்பன் என்றுதான் பெயர். தமிழ் விவிலியத்தில் சபையின் பெரியவர்கள் மூப்பர்கள். வயதும் அனுபவமும் தரும் மரியாதையிலிருந்து அதிகாரம் முளைத்த சொல் இது. உலகம் முழுக்க இப்படிப்பட்ட சொற்கள் இருக்கின்றன. ரோமாபுரியின் செனட் என்பதும் கிழவர் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். நாம் தினமும் சொல்கிற 'சார்' கூட, மூத்தவர் என்ற லத்தீன் சொல்லின் பேரப்பிள்ளை.

ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இந்த மூப்பரை ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மன்னர் ஒரு மாவட்டத்தை ஒரு பிரபுவிடம் ஒப்படைப்பார். அவர் வரி பார்ப்பார், வழக்கு கேட்பார், போர் வந்தால் படையை நடத்துவார். 991-இல் மால்டன் என்ற இடத்தில் வைக்கிங்குகளோடு போரிட்டு இறந்த பிரித்நோத் எஸெக்ஸ் பகுதியின் ஆல்டர்மேன். அடுத்த நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து வந்த கனூட் அரசராக இருந்த காலத்தில் அந்தப் பதவிக்கு 'ஏர்ல்' என்ற பெயர் நிலைத்தது. ஆல்டர்மேன் என்ற சொல் நகரத்துக்குக் குடிபெயர்ந்து வணிகக் குழுக்களின் தலைவருக்குப் பெயரானது. அங்கிருந்து நகரசபைக்குள் நுழைந்தது.

லண்டன் மாநகரின் பழைய நடுப்பகுதியில் இன்றும் 25 வட்டங்கள், வட்டத்துக்கு ஓர் ஆல்டர்மேன். 1970-கள் வரை ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டால் ஆயுளுக்கும் அவரே. இப்போது ஆறு ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி வாக்காளர்களிடம் போக வேண்டும். அந்த வாக்காளர்களில் குடியிருப்பவர்கள் மட்டுமல்ல, அங்கே அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப நியமிக்கும் வாக்காளர்களும் உண்டு.

இங்கிலாந்தின் மற்ற நகரங்களில் 1835-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. மக்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கவுன்சிலர்கள் தங்கள் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு ஆல்டர்மேன்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கவுன்சிலருக்கு மூன்று ஆண்டு, ஆல்டர்மேனுக்கு ஆறு ஆண்டு. யோசித்துப் பாருங்கள், ஒரு கட்சி இந்த ஆண்டு வட்டங்களில் தோற்றாலும், முன்பே உள்ளே உட்கார வைத்த ஆல்டர்மேன்களின் பலத்தில் சபையைக் கையில் வைத்துக்கொள்ள முடியும். மக்கள் "போதும்" என்று சொன்ன பிறகும் ஆட்சி போகாது. 1974-இல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான இடங்களில் அது ஒழிந்தது. இப்போது அங்கே ஓய்வுபெற்ற கவுன்சிலர்களுக்கு மரியாதைக்காகத் தரும் பட்டமாக மட்டும் மிச்சமிருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் நெடுங்காலம் சபையில் இருந்தவர்களுக்குத் தரும் கௌரவப் பட்டம்தான் இது.

சிகாகோவில் கதையே வேறு. நகரத்தில் 50 வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு ஆல்டர்மேன். தன் வட்டத்தில் எந்த இடத்தில் கட்டடம் வரலாம், எங்கே கடை வரலாம் என்பதில் அவர் வேண்டாம் என்றால் சபையும் வேண்டாம் என்றுவிடும். அப்படி ஒரு வழக்கம் அங்கே ஊறிப்போயிருக்கிறது. 2021-இல் இல்லினாய் மாநிலச் சட்டத்தில் 'மேன்' என்ற ஆண்பால் ஒட்டை எடுத்துவிட்டுப் பொதுப்பாலாக மாற்றினார்கள். நல்ல மாற்றம்.

ஆக, ஒரே பட்டம். ஓரிடத்தில் மன்னர் வைத்த ஆள், ஓரிடத்தில் மக்கள் வைத்த ஆள், ஓரிடத்தில் மக்கள் வைத்தவர்கள் வைத்த ஆள், ஓரிடத்தில் வெறும் பொன்னாடை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். எனக்கு மனம் நிற்பது இங்கேதான்.

சென்னைக்கு நகரசபை வேண்டும் என்ற யோசனை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையில் இருந்த ஜோசையா சைல்டு என்பவருடையது. 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் வந்தது, 1688 செப்டம்பர் 29-இல் சபை கூடியது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள், அறுபதுக்குக் குறையாத பர்ஜெஸ்கள், அதாவது நகர உரிமை பெற்ற குடிகள். முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர் இருந்தார்கள், மற்ற ஐரோப்பியர் இருந்தார்கள், நம் ஆட்களும் இருந்தார்கள். சின்ன வேங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்த பிள்ளை ஆகிய பெயர்களைப் பழைய ஆவணங்களில் பார்க்கலாம். ஆல்டர்மேன்களுக்குச் சிவப்பு அங்கி, பர்ஜெஸ்களுக்கு வெள்ளைச் சீனப் பட்டு.

1688-இல் தமிழ், தெலுங்கு வணிகர்கள் ஆங்கிலேயரோடு சமமாக நகரசபையில் உட்கார்ந்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தச் சபை எதற்காக வந்தது என்று பார்த்தபோது எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. கோட்டையின் செலவுக்குக் கம்பெனி வரி கேட்டது, ஊர் மக்கள் கொடுக்க மறுத்தார்கள். கம்பெனி கணக்குப் போட்டது: நாம் அதிகாரத்தால் கேட்டால் ஆறு பென்ஸ் கூடத் தர முனகுகிறவர்கள், தாங்களே விதித்துக்கொண்ட வரி என்றால் ஐந்து ஷில்லிங்கை மனம் உவந்து தருவார்கள். ஐந்து ஷில்லிங் என்றால் 60 பென்ஸ், பத்து மடங்கு. அதற்காகத்தான் 'அவர்களே' என்று காட்ட நம் ஆட்கள் சிலர் தேவைப்பட்டார்கள். முதல் ஆல்டர்மேன்களின் பெயர்கள் சாசனத்தோடேயே வந்தன. கோட்டைக்கு வெளியே நம் ஆட்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில் குடிகள் யாரையும் யாரும் கேட்கவில்லை. மக்களும் இதைப் புரிந்துகொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கம்பெனி எதிர்பார்த்தபடி வரி வசூலாகவில்லை.

1726-இல் புதிய சாசனம். மேயரும் ஒன்பது ஆல்டர்மேன்களும், அவர்களில் மேயரோடு சேர்த்து ஏழு பேர் பிறப்பால் பிரிட்டிஷ் குடிகளாக இருக்க வேண்டும் என்று விதி. நடைமுறையில் நம் ஆட்களுக்கு இடம் போயிற்று. ஆல்டர்மேன்களின் முக்கிய வேலை மேயர் நீதிமன்றத்தில் வழக்குக் கேட்பதாக மாறியது. ஒரு காலியிடம் வந்தால் உள்ளே இருப்பவர்களே அடுத்தவரைச் சேர்த்துக்கொள்வார்கள். அதாவது அப்போது சென்னையில் ஆல்டர்மேன் என்றால் நீதிபதி. சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வணிகர்களே உட்கார்ந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் அதே பெயர் நம் மாநகராட்சியில் மறுபடி வந்தபோது பாட்டி சொன்ன பொருள் வந்தது: கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் உறுப்பினர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-களில் சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மேனாக இருந்தார். மக்கள் ஓட்டில்லாமல் உள்ளே வருவது சரியில்லை என்ற என் வாதத்தையே இங்கே நான் நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அதற்கு முன் அவர் சென்னை சட்டமன்றத்துக்குப் போனதும் நியமனத்தால்தான். ஒரு பெண், அதுவும் தேவதாசி மரபில் வந்த ஒரு தாயின் மகள், அன்றைய சமூகத்தில் தேர்தலில் நின்று ஜெயித்து வந்திருப்பாரா? வந்தவர் என்ன செய்தார்? தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவரப் போராடினார், காந்தி கைதானபோது 1930-இல் பதவியை விட்டு இறங்கினார், அவ்வை இல்லம் தொடங்கினார், பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. யார் உள்ளே வைத்தார்கள் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், உள்ளே போனவர் யாருக்காகப் பேசினார் என்பதும் இருக்கிறது.

அதனால் நியமனம் என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழி செய்யும் திருத்தங்களை நிறைவேற்றியது. நான் மனதார வரவேற்கிறேன். சாய்தளம் இல்லாத நகராட்சி அலுவலகத்தில் சாய்தளம் பற்றிப் பேச ஒருவர் உட்காருவது பெரிய விஷயம். ஆனால் அவர்களை நாம் நியமன உறுப்பினர் என்றே சொல்கிறோம். பெயரிலேயே உண்மை இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்கும் யாருக்கும் இவர் ஓட்டில் வந்தவர் என்ற மயக்கம் வராது.

டெல்லியில் எனக்கு உறுத்துவது இதுதான். 1957-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தில் அங்கே ஆல்டர்மேன்களைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1993 திருத்தத்துக்குப் பிறகு, நகராட்சி நிர்வாகத்தில் தனி அறிவோ அனுபவமோ உள்ள பத்துப் பேரைத் துணைநிலை ஆளுநர் நியமிக்கிறார். இடையில் நடந்தது சின்ன மாற்றமா? அடியோடு வேறு பதவி. ஆனால் செய்தியிலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் பெயர் மட்டும் அதேதான்.

2022 டிசம்பர் தேர்தலில் 250 வட்டங்களில் ஒரு கட்சி 134, இன்னொரு கட்சி 104. எந்தக் கட்சி எது என்பது இந்தப் பதிவுக்கு வேண்டாம், இடம் மாறியிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன். நியமிக்கப்பட்ட பத்துப் பேர் மேயர் தேர்தலில் ஓட்டுப் போடலாமா என்ற ஒரே கேள்வியால் மூன்று முறை மேயர் தேர்தல் நின்றது. பிப்ரவரி 17-இல் உச்ச நீதிமன்றம், நியமன உறுப்பினர்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை என்றது. அரசியல் சட்டத்தின் 243ஆர் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. 22-ஆம் தேதி மேயர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்துப் பேரை யார் நியமிப்பது என்ற வழக்கு தனியாக நடந்து, 2024 ஆகஸ்ட் 5-இல், டெல்லி அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமலே துணைநிலை ஆளுநர் நியமிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. சட்டம் அந்த அதிகாரத்தை நேரடியாக அவருக்கே தந்திருக்கிறது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

சட்ட வாசகப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் இந்தப் பத்துப் பேர், பல வட்டங்களைச் சேர்த்து அமைத்த வட்டக் குழுக்களில் ஓட்டுப் போடலாம் என்பதை மறக்கக் கூடாது. எந்த வட்டக் குழுவில் எத்தனை பேரைச் சேர்க்கிறோம் என்பதை வைத்து அந்தக் குழுவின் தலைவர் யார் என்பதே மாறிவிடும். நிலைக்குழுவுக்குப் பெரும்பாலான உறுப்பினர்களை அனுப்புவதும் இந்தக் குழுக்கள்தான், அதனால் நிலைக்குழுவும் மாறும். மாநகராட்சியின் பணப்பை அங்கே இருக்கிறது. ஓட்டுப் போட்ட மக்கள் எங்கே, பணப்பை எங்கே.

நம் தமிழ்ப் பத்திரிகைகள் அப்போது பெரும்பாலும் 'நியமன உறுப்பினர்கள்' என்று எழுதின. சில இடங்களில் ஆல்டர்மேன் என்று அப்படியே போட்டார்கள். எனக்கு முதல் வழக்கமே பிடித்திருக்கிறது. ஆங்கிலச் செய்தியில் ஆல்டர்மேன் என்று படிக்கும் ஒருவர் சிகாகோவையும் நினைக்கலாம், லண்டனையும் நினைக்கலாம், எங்கள் பாட்டியின் மண்ணடியையும் நினைக்கலாம். தமிழில் 'நியமன' என்ற நாலெழுத்து அந்தக் குழப்பத்தைக் கழுவிவிடுகிறது. பத்திரிகை நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் இதுதான்: தயவுசெய்து அந்த நாலெழுத்தை விட்டுவிடாதீர்கள்.

மூப்பரைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதும்போது உத்திரமேரூரை விட்டுப் போக மனமில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள். 30 குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள்; பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை. பிராமணச் சபைக்குள் மட்டுமே நடந்தது அது, நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே. அதை மறைத்துவிட்டு நாம்தான் உலகுக்கு ஜனநாயகம் தந்தோம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதில் ஒரு விதி என்னைக் கட்டிப்போடுகிறது. இரண்டாம் கல்வெட்டில் வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். மூப்புக்கும் ஒரு மேல் எல்லை. மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், இருந்தவர் மறுபடி வரக் கூடாது. கணக்குக் காட்டாதவரும் வரக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக் கூடாது.

பாட்டியிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போவீர்கள், அந்த ஆல்டர்மேன் வீட்டுக்கா, கவுன்சிலர் வீட்டுக்கா? அம்மாவிடம் போன வாரம் கேட்டேன். பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாராம். ஆல்டர்மேன் வீட்டுத் திண்ணையில் மத்தியானம் உட்கார்ந்து பேசுவார்களாம், நல்ல நிழலாம். குழாய்க்கு மட்டும் நாலு தெரு தள்ளி இருந்த கவுன்சிலர் வீட்டுக்குத்தான் குடத்தோடு போய் நிற்பார்களாம்.