மூலைமட்டத்துக்கு டேப் அளவு மட்டும் போதாது
"30, 40, 50 செ.மீ. என டேப் பிடித்து ஆணி அறைந்தால் மூலைமட்டம் தயார், வேறு சோதனை வேண்டாம்" என்று, தச்சு வேலையில் செங்கோணம் பார்க்கும் இந்தக் கருவியைப் பற்றிச் சொல்லப்படுவது பாதிதான் சரி. 30, 40 செ.மீ. சட்டங்களின் நுனிகளுக்கு இடையே குறுக்காக 50 செ.மீ. இருந்தால் மூலை செங்கோணம் என்ற கணக்கில் பிழையில்லை, ஆனால் 50 செ.மீ. குறுக்களவில் 1 மி.மீ. தவறினாலே, 30 செ.மீ. சட்டத்தின் நுனி ஏறத்தாழ 1¼ மி.மீ. விலகிவிடும் (தேய்ந்த டேப் என்றால் கேட்கவே வேண்டாம்). விளிம்பு நேராக உள்ள பலகையில் மட்டத்தை அணைத்து ஒரு கோடு கிழித்து, அதே புள்ளியில் மட்டத்தைப் புரட்டி வைத்து மறுகோடு கிழித்தால், நுனியில் தெரியும் இடைவெளி உண்மைப் பிழையின் இருமடங்கு என்பதால், அதில் பாதியளவே சீவ வேண்டும். குமரி மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்வதால் மரம் ஈரமேற்று உப்பும். என் அயனிமர மட்டத்தை ஆனியிலும் ஐப்பசியிலும் இப்படிப் புரட்டிப் பார்த்த பிறகே வேலைக்கு எடுக்கிறேன்.